திரையில் தெரியாத வரி

விருதுநகர் கம்ப்யூட்டர் சென்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. சிவகாசியில் பட்டாசு லேபிள் வரைந்துகொண்டிருந்தவள், வெப் டிசைன் படிக்க வந்திருந்தாள். ஒல்லியான பெண், அதிகம் பேசமாட்டாள். மை காய்ந்துவிட்டதா என்று லேபிளைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தில் கம்ப்யூட்டர் திரையையும் விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

அவளுக்குக் கிடைத்த முதல் ஆர்டர் ஒரு பட்டாசு கம்பெனியின் வெப்சைட். முதலாளியே வந்து பார்த்து, "அம்சமா இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்குக் கோடிங்கைத் திறந்து காட்டினாள். வெப்சைட்டில் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கிற மாதிரி ஒரு வரி எழுதியிருந்தாள். ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் 'இந்தக் கம்பெனி வெடிவிபத்தில் செத்தவர்'.

"எங்கம்மா. அப்படி ஒருத்தி எங்ககிட்ட வேலையே பாக்கலன்னு எழுதிக் குடுத்த ஆளு இவரு."

"உன்னை அவருக்கு அடையாளம் தெரியலையா?"

"எங்கம்மாவயே தெரியாதுன்னவருக்கு என்னையவா தெரியப்போகுது?"

"இந்த வரி யார் கண்ணுக்கும் தெரியாதே."

"தெரியாட்டி போகுது. அவரு கம்பெனி பக்கத்த யாரு திறந்தாலும் எங்கம்மாவும் கூடத்தான் வருவா."

சொல்லிவிட்டு, திரையில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த மூன்று தீபாவளிக்கும் அந்த வெப்சைட்டையும் அதன் கோடிங்கையும் திறந்து பார்த்தேன். வெடிப் படங்கள் மாறியிருந்தன. அந்த வரியை யாரும் அழிக்கவில்லை.