விடுகிற வால்

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் முதலில் செய்கிற வேலை, கால் கட்டை விரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதுதான். துணியைக் கிழித்து ஒரு முடிச்சு. உயிரோடு இருப்பவர்கள் காலை யாரும் அப்படிச் சேர்த்துக் கட்டுவதில்லை. விளையாட்டுக்குக் கட்டிக்கொண்டார்கள் என்று என் பிள்ளைகளை அடித்திருக்கிறேன். அதனால்தான், என் சின்ன மகள் இரண்டு காலையும் ஒரே பைக்குள் விட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கப்போகிறாள் என்று தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்குப் பொருட்காட்சியில் வேலை கிடைத்திருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடித் தொட்டி, உள்ளே மீன், மீனோடு ஒரு கடல்கன்னி. இடுப்புக்குக் கீழே வால் மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து நீந்த வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற பிள்ளைகளுக்குக் கையாட்ட வேண்டும். அதற்கு முன் எண்ணூரில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், கம்பெனி மூடிவிட்டதால் வீட்டில் இருந்தாள். நீச்சல் அவளுக்கு அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது. காசிமேட்டில் கல் கொட்டியிருக்கிற இடத்துக்கு அந்தாண்டை, சின்னதிலேயே தூக்கிப் போட்டுப் பழக்கினார்.

நான் ராயபுரத்தில் ரோட்டோரம் மீன் விற்றவள். பக்கத்தில் கூடை வைக்கிறவளுக்கு விஷயம் தெரிந்ததும் சும்மா இருக்கவில்லை. "நீ மீன் வித்த, உம் பொண்ணு மீனாவே ஆயிட்டாளா? எடை போட்டுக் குடு, நானே வாங்கிக்கிறேன்" என்றாள்.

"அது ஒசந்த மீனு. உன் கூடைக்கு வராது" என்றேன். வாயால் சொல்லிவிட்டேன். மீதி மீனைக் கேட்ட விலைக்கே தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

ஒத்திகை பார்க்க நானும் கூடப் போனேன். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். அவர்கள் வைத்திருந்த வால் முழுக்க ரப்பர். முன்னால் இருந்த பெண் போட்டுக் கழற்றியது. பார்க்க நிஜ மீன் மாதிரியே செதில் செதிலாக மின்னியது, கிட்டே போனால் ஈரச் சாக்கு நாற்றம். பின்பக்கம் முதுகுக்குக் கீழே ஜிப்பு. அதை இன்னொரு ஆள்தான் இழுத்து மூட வேண்டும், இன்னொரு ஆள்தான் திறக்க வேண்டும். மாட்டிய பிறகு நடக்க முடியாது. இரண்டு பேர் என் மகளை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டி விளிம்பில் உட்கார வைத்தார்கள். பிணத்தைத்தான் அப்படித் தூக்குவார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அங்கே பொறுப்பாக இருந்த மேனேஜர் தம்பி நல்லவன்தான். மேலே ஒரு ஆள் எப்போதும் நிற்பான், பயப்படாதீர்கள் என்றான். அந்த ஆளை அண்ணாந்து பார்த்தேன். போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் போனை வைத்துவிட்டு வந்து ஜிப்பை இழுத்தால்தான் என் மகளுக்குக் கால்.

என் வீட்டுக்காரர் நீச்சல் தெரியாமல் போனவர் இல்லை. வலை விடும்போது காலில் கயிறு சுற்றிக்கொண்டது, வலையோடு இறங்கிவிட்டார். மீன் குஞ்சு மாதிரி நீந்துகிறவருக்குக் கால் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் யாரோ கட்டை விரல்களைக் கட்டிவிட்டிருந்தார்கள். அவிழ்த்துவிடுங்கள், அவருக்கு வலிக்கும் என்று நான் கத்தினதாகச் சொல்வார்கள்.

வேலையே வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

"நைனா செத்தது கடல்ல. இது தொட்டிம்மா" என்றாள்.

"தொட்டித் தண்ணியும் மூக்குலதான்டி ஏறும்."

"நீ வேணான்னா நான் அவங்க வாலையே மாட்டிகினு எறங்குவேன். இஷ்டம்னா நல்லதா ஒண்ணு நீயே பாத்து வாங்கிக் குடு."

அவள் அப்பா மாதிரியே பேச்சு. நான்தான் இறங்கி வந்தேன். வால் நான் பார்த்து வாங்குவது, அதைத் தவிர வேறு எதிலும் கால் விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வண்ணாரப்பேட்டையில் பாய் ஒருவரின் கடை. மழைக்கோட்டு, நீச்சல் உடுப்பு, தண்ணீருக்குள் போடுகிற கண்ணாடி எல்லாம் வைத்திருப்பார். எங்கோ வெளிதேசத்திலிருந்து வந்த வால்கள் மூன்று இருந்தன. ஒன்று சின்னப் பிள்ளைகள் பிறந்தநாளுக்குப் போடுகிறது, நகத்தால் கீறினால் ஜிகினா உதிர்ந்தது. இன்னொன்று கெட்டித் துணி, உள்ளே ரப்பர் பூச்சு, அடியில் இரண்டு பாதத்தையும் சேர்த்துச் செருகுகிற அகலமான துடுப்பு. மூன்றாவது மெல்லிசு. கையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போனது. அதை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குச் சரக்குப் பார்க்கத் தெரியும் என்கிற திமிர் உண்டு. வலைக்கு நூல் வாங்கின கை இது. கெட்டி வாலை எடுத்து இரண்டு கையாலும் இழுத்தேன். தையலைப் பல்லில் கடித்துப் பார்த்தேன். ஓரத்தைத் தூக்கி உள்பக்கம் பார்த்தேன். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா, மீனு வாங்குறா மாரி செவுளத் தூக்கிப் பாக்குற? இது செத்து ரொம்ப நாளாச்சு, நாறாது."

"கெட்டியா இருக்குமா பாய்?"

"உங் காலத்துக்கும் கிழியாது. புடிச்சா வுடாது."

அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் வலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பிடித்தால் விடாது. நான் உடனே வாங்கிவிட்டேன். வழியெல்லாம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். கிழியாத துணி என் மகளைக் காப்பாற்றும் என்று நினைத்தேன்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் காலையில் பெண்களுக்கென்று நேரம் உண்டு. அங்கே சொல்லிக்கொடுக்கிற டீச்சரம்மாவிடம் கேட்டு, வாலைப் போட்டுப் பழகப் போனோம். எனக்கு நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்தே பிழைத்த எங்களில் பாதிப் பெண்களுக்குத் தெரியாது. படியில் இடுப்பளவு தண்ணீரில் சேலையோடு இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் நீந்தியதைச் சொல்ல வேண்டும். இடுப்பை ஒரு தடவை வளைத்தாள், வால் பின்னாலேயே வளைந்து வந்தது, அந்தக் கரைக்குப் போய்விட்டாள். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பயம் மறந்துபோனது. என் வயிற்றில் பிறந்ததா இது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்ததும் டீச்சரம்மா, இப்போது நீயாகவே தண்ணீருக்குள் கழற்று பார்க்கலாம் என்றார்.

என் மகள் குனிந்தாள். இடுப்புப் பட்டையைப் பிடித்துக் கீழே தள்ளினாள். உள்ளே தண்ணீர் போய் நின்றுகொண்டது, ரப்பர் காலோடு அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. முட்டி வரைக்கும் வந்து சுருண்டு நின்றது. துடுப்பு குதிகாலைக் கவ்விக்கொண்டிருந்தது. கால் இரண்டும் சேர்ந்திருப்பதால் தரையில் ஊன்ற முடியவில்லை. நெஞ்சளவுத் தண்ணீர்தான், நின்றால் போதும். அவளால் நிற்க முடியவில்லை. முகம் ஒரு தடவை மேலே வந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி உள்ளே போய்விட்டது.

நான் கம்பியை விடாமலேயே ஒரு காலை அவள் பக்கம் நீட்டினேன். கையை நீட்டத் தோன்றவில்லை, கால்தான் போனது. அவள் என் கணுக்காலைப் பிடித்தாள். அந்தப் பிடி இப்போதும் தூக்கத்தில் வருகிறது. அதற்குள் டீச்சரம்மா பாய்ந்து அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

கரையில் போட்டு, இரண்டு பேரும் சேர்ந்து அந்த வாலை உரித்தோம். உரித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். குதிகால் தோல் வழன்றுவிட்டது. அவள் கட்டை விரல் இரண்டும் வெளுத்துச் சுருங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் அவற்றைப் பிரித்து வைத்தேன். திரும்ப ஒட்டிக்கொள்ளுமோ என்று கையை நடுவில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

டீச்சரம்மா என்னைக் குறை சொல்லவில்லை. நிதானமாக எடுத்துச் சொன்னார். துணியும் துடுப்பும் தனித்தனியாக இருக்க வேண்டும், குதிகால் பட்டை உதைத்தால் நழுவ வேண்டும், அடிப்பக்கம் தண்ணீர் வெளியே போக வழி வேண்டும், ஈரத்தில் கழற்றிப் பார்க்காமல் எந்த வாலையும் வாங்கக் கூடாது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு வீட்டுக்காரரின் வலை ஞாபகம் வந்தது. அதையும் பிடித்தால் விடாது என்றுதான் தெருவே புகழ்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த வாலைக் கத்தரிக்கோலால் வெட்டப் போனேன். கத்தரிக்கோலுக்கும் அது மசியவில்லை. அப்படியே சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். என் மகள் காலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு, "வேற வால் பாப்போம்மா" என்றாள். அவளுக்குப் பயமே இல்லையா என்று நினைத்தேன். மஞ்சள் காலில் பட்டதைவிடப் பாவாடையில்தான் அதிகம் கொட்டியிருந்தது. பயம் இருந்தது.

மறுபடி பாய் கடைக்குப் போனோம். இந்தத் தடவை அந்த மெல்லிசு வாலை எடுக்கச் சொன்னேன்.

"பாய், இது வுடுமா?"

அவருக்குப் புரியவில்லை. கிழியுமா என்று கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது. தானே உள்ளே போய் ஒரு பக்கெட் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "எல்லாரும் புடிக்குமான்னுதான் கேப்பாங்க. வுடுமான்னு நீ ஒர்த்திதான்மா கேட்டுக்கீற" என்றார்.

என் மகள் ஸ்டூலில் உட்காரப் போனாள். நான் அவளைத் தள்ளிவிட்டு நானே உட்கார்ந்தேன். சேலையை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, பக்கெட்டில் முக்கின வாலுக்குள் என் இரண்டு காலையும் விட்டேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பாதம் இரண்டும் துடுப்புக்குள் போய்ச் சேர்ந்ததும் எனக்கு மூச்சு நின்றது. கட்டை விரலும் கட்டை விரலும் இடித்தன. நாற்காலியும் பெட்டியுமாக அடைத்துக் கிடந்த ஒரு கடை அது, கைக்கெட்டும் தூரத்தில் ரோடு. ஆனாலும் எனக்குக் கழுத்து வரைக்கும் தண்ணீர் இருப்பது போலத்தான் இருந்தது. அவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. அந்த நினைப்பு வராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யம்மா, ஒதை" என்றாள் என் மகள்.

உதைத்தேன். குதிகால் பட்டை நழுவியது. துணியைத் தள்ளினேன், ஈரமாகவே சர்ரென்று போய்விட்டது. இரண்டு காலும் தனித்தனியாகத் தரையில் விழுந்தன. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. போதும் என்று அவள் என் கையைப் பிடித்து எழுப்பும் வரை நான் விடவில்லை.

குளத்தில் அவள் பழகினாள். முதல் தரம் அவள் தண்ணீருக்குள் தானாகவே கழற்றி, வால் ஒரு பக்கம் தான் ஒரு பக்கம் என்று மேலே வந்தபோதுதான் கம்பியை விட்டேன். மேனேஜர் தம்பிக்கு வால் பிடிக்கவில்லை. ரொம்ப மெல்லிசாக இருக்கிறது, ஜொலிப்புப் பத்தவில்லை என்றான். என் மகள் அவனிடம், "ஜொலிக்கிறதுக்கு நான் கீறேன் சார்" என்றாள். அவன் சிரித்துவிட்டான். மேலே நிற்கிற ஆள் போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசி வாங்கினாள்.

முதல் நாள் ஆட்டத்துக்கு நான் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். நல்ல கூட்டம். நீல விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் மேலிருந்து இறங்கினாள். முடி விரிந்து, வால் வளைந்து, வாயிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் குதிகால் இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சைப் பிடிக்கும்போது நானும் பிடித்துக்கொண்டேன். எனக்கு முடியாமல் நான் விட்டுவிட்டேன். அவள் இன்னும் உள்ளேயே இருந்தாள்.

பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். "நெஜமாவே காலு இல்லாத பொண்ணா பெரிம்மா அது?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"காலு கீது" என்றேன். "ரெண்டு கீது. நான்தான் பெத்தேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டாள். நான் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, என் மகள் மேலே போய் உதைக்கிறதுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.