ஷிஃப்ட் முடியட்டும் என்று இருந்தேன்

இங்கே, வெளிநாட்டில், மருத்துவிச்சி என் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் "தொடலாமா?" என்று கேட்கிறார். முதல் தடவை கேட்டபோது அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். என் வயிற்றுக்கு என்னிடமே அனுமதி கேட்பார்கள் என்று யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்? கை குளிர்ந்திருக்கிறது என்று மன்னிப்பும் கேட்டார். இந்த நாட்டில் மன்னிப்புக்குப் பஞ்சமே இல்லை. போகும்போது ஒரு தாளைக் கொடுத்தார். பிள்ளையின் அசைவு குறைந்தால், ரத்தம் பட்டால், தண்ணீர்க்குடம் உடைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், முகமும் கையும் திடீரென்று வீங்கினால், எந்த நேரமானாலும் இந்த நம்பருக்கு எடுக்க வேண்டுமாம். சந்தேகமாக இருந்தாலும் எடுக்க வேண்டுமாம். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. சந்தேகத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தவள்.

முப்பத்தோராவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. காலை ஏழிலிருந்து பகல் இரண்டு வரை ஷிஃப்ட். நான் ரொட்டி தின்று முடித்ததும் உள்ளே ஒரு ஆட்டம் ஆரம்பமாகும், அது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஆட்டம் இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். துணி அறையில் ஐந்து நிமிடம் இடப்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தேன். விரலால் லேசாகத் தட்டினேன். ஒன்றுமில்லை. தூங்குகிறது என்று சொல்லிக்கொண்டு ஒரு பாட்டிக்குத் தலை வாரினேன். சீப்பு இரண்டு தடவை கையிலிருந்து விழுந்தது. ஆனாலும் என் மனசு சொன்னது இதைத்தான்: இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும், அப்புறம் போய்க்கொள்ளலாம்.

அப்படிச் சொல்லச் சொல்லி இங்கே யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அது தோட்டத்தில் பழகிய புத்தி. ரப்பர் மரத்தை விடியற்காலையில் வெட்டுவோம். பால் சிரட்டையில் சொட்டும். வெயில் ஏறுவதற்குள் எல்லாச் சிரட்டையையும் வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோகாவிட்டால் பால் கட்டிப்போகும். ஆகவே வெட்டின மரத்தை விட்டுவிட்டு யாரும் நகர மாட்டோம். காய்ச்சலோ, கால் வெட்டோ, எதுவானாலும் பாலைச் சேர்த்த பிறகுதான் மருந்து. நானும் இரண்டு வருஷம் பால் வெட்டியவள்தான், உடம்பு கேட்பதைப் பகல் வரைக்கும் தள்ளிவைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் அக்கா செல்வி முதல் பிள்ளையைச் சுமந்தபோது ஐந்தாம் மாசம் வயிற்றுவலி என்று கீழே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாய்வுதான். அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி "மேக்கடத ஆவே?" என்றார். இதற்கா வந்தாய் என்று அர்த்தம். வரிசையில் நின்ற எல்லோருக்கும் சிங்களம் தெரியும், எங்களுக்கும் நன்றாகவே தெரியும். அக்கா முகம் சுருங்கிப்போனது. ஏழாம் மாசம் ஒரு காலையில் அவளுக்குத் தலை பிளந்தது, கண்ணுக்குள் மின்மினி பறந்தது. அப்போது யாரிடமும் சொல்லவில்லை, பிறகு டாக்டர் கேட்டபோதுதான் சொன்னாள். கடைசிச் சிரட்டை வரை எடுத்து, வாளியைச் சுமந்து, ஸ்டோர் வாசலில் வலிப்பு வந்து விழுந்தாள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

பத்தரை மணி டீ நேரத்தில் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தேன். பொதுவாகப் பேசுகிற மாதிரி, சாப்பிட்டீங்களா, அங்க மழையா என்றெல்லாம் கேட்டேன். அவளை ஏமாற்ற முடியுமா?

"என்னாடி, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"ஒன்னுமில்லக்கா. காலையிலருந்து புள்ள அசையல. தூங்குது போல."

"இப்ப எங்க இருக்கிற?"

"வேலையில. ரெண்டு மணிக்கு முடியும். முடிச்சிட்டு போறேன்க்கா."

"பால சேத்துட்டு போறேன்னுதான் நானும் இருந்தேன்," என்றாள். "எந்திரிடி. இப்பவே எந்திரி."

இத்தனை வருஷத்தில் அந்தக் காலையைப் பற்றி அவள் என்னிடம் வாய் திறந்தது அன்றைக்குத்தான். பொறுப்பாளர் மார்கரெட்டிடம் போய், பிள்ளை அசையவில்லை, நான் இரண்டு மணி வரை இருக்கிறேன், அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னும் ஏன் இங்கே நிற்கிறாய்?" என்று கத்தினார். ஏச்சு விழுகிறது என்று நினைத்து, மன்னிக்க வேண்டும், எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் போவேன் என்றேன். அவர் என் கோட்டை எடுத்து என் தோளில் போட்டு, கார்ச் சாவியைத் தேடினார். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பையெல்லாம் தேடியதைப் பார்த்த பிறகுதான், அது கோபம் இல்லை, என்னைப் போலவே பயம் என்று புரிந்தது.

ஆஸ்பத்திரியில் யாரும் இதற்கா வந்தாய் என்று கேட்கவில்லை. வயிற்றில் பட்டி கட்டினார்கள். மருத்துவிச்சி கருவியை இங்கே வைத்தார், அங்கே வைத்தார். இரைச்சல் மட்டும் கேட்டது. நான் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன், மாதா பேரையும் விடவில்லை. அப்புறம் ஒரு மூலையில் பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு பிடிபட்டது. தடதடவென்று, யாரோ ஓடுகிற மாதிரி. நான் வாய்விட்டு அழுதேன்.

ஒரு மணி நேரம் பார்த்தார்கள். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, நாளைக்கு ஸ்கேன், மறுபடியும் அசைவு குறைந்தால் அப்போதே வரவேண்டும் என்றார்கள்.

"எத்தனை தடவை வரலாம்?" என்று கேட்டேன்.

மருத்துவிச்சி நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும், "பிள்ளை பிறக்கிற வரைக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும்," என்றார்.

தோட்டத்தில் இருந்து இதைப் படிக்கிற தங்கச்சிமாரே, என்னைப் போல வெளியே வந்தவர்களே, நாம் ஏச்சுக்குப் பயந்து பொறுத்துப் பழகியவர்கள். ஏசினால் ஏசட்டும். போங்கள். என் பயம் இன்னும் போகவில்லை, தினமும் அசைவை விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பட்டியைக் கழற்றுவதற்கு முன் அக்காவுக்கு எடுத்தேன். போனை மிஷின் பக்கத்தில் வைத்தேன். அங்கே தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பரா வாசலில் அவள் நின்றிருந்தாள். பின்னால் யாரோ கோழி அடைக்கிற சத்தம், இங்கே இந்தத் தடதடப்பு. மருத்துவிச்சி கழற்றலாமா என்று கண்ணால் கேட்டார்.

"முடிஞ்சிருச்சுக்கா. வைக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்சம் வைடி அப்படியே," என்றாள் அக்கா. "நான் இத கேட்டதே இல்ல."