கடைவாய்ப் பல் சொல்லாதது

தை மாதம், செவ்வாய்க்கிழமை. முற்பகல்: காரைக்குடி பல் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி. என் மனைவி மீனாட்சிக்குச் செய்யக் கொடுத்திருந்த பல் உறை தயார் என்றார்கள். நண்பகல்: பள்ளத்தூரிலிருந்து பேருந்தில் சென்று பெற்றுக்கொண்டேன். பிற்பகல்: வீடு திரும்பினேன். மீனாட்சி மார்கழிக் கடைசியில் காலமானாள். வருகிற வெள்ளிக்கிழமை முப்பதாம் நாள் படையல்.

இவ்வளவுதான் நிகழ்வுகள். இந்த வாராந்தரப் பத்தி சில வாரங்கள் வராமல் போனதற்கும் இதுவே காரணம்.

உறையை ஏன் வாங்கப் போனேன்? வீட்டில் உட்கார முடியவில்லை... அதனால் இருக்கலாம்.

வரவேற்பில் இருந்த பெண், "அம்மா வரலையா சார்? அவுக வாயில வச்சுப் பாத்தாத்தான சரியா இருக்கான்னு தெரியும்?" என்றாள்.

"வர இயலாது," என்றேன். உறையோடு, மீனாட்சியின் பல்வரிசையை அளவெடுத்த பிளாஸ்டர் அச்சையும் ஒரு டப்பாவில் போட்டுத் தந்தாள்.

பேருந்தில் டப்பாவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

வாசகர்கள் அறிவார்கள் – புதைபடிவப் பற்களைப் பார்த்தே என் உத்தியோகம் கழிந்தது. புல் தின்ற விலங்கின் கடைவாய்ப் பல் பெரும்பாலும் உயரமாக வளர்ந்து, தட்டையாகத் தேய்ந்திருக்கும். தழை தின்றதன் பல்லில் முகடுகள் கூர்மையாக நிற்கும். பல் புல்லைச் சொன்னால் அந்த இடம் அன்று வெட்டவெளி. தழையைச் சொன்னால் காடு. மாணவர்களுக்கு ஒன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: இடம், வலம் என்பது பார்ப்பவருடையதல்ல, விலங்கினுடையது.

அச்சைத் திருப்பிப் பார்த்தேன். வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் தட்டை. இடப்பக்கத்தில் முகடுகள் அப்படியே. பல ஆண்டுகளாக வலப்பக்கத்திலேயே மென்றிருக்கிறாள். இடப்பக்கப் பல்லுக்கு உறை போடவிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். எத்தனை காலத்து வலி என்பது தெரியாது. எதிரில் அமர்ந்து சாப்பிட்டவன் நான்.

வீட்டில் அலமேலு காத்திருந்தாள். மீனாட்சியின் தங்கை; சாக்கோட்டைப் பக்கம் பள்ளி ஆசிரியை. படையல் வேலைகள் அவள் பொறுப்பில். இறந்தவருக்குப் பிடித்த பண்டத்தை இலையில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என்ன வைப்பது என்று முன்தினமே கேட்டிருந்தாள். கடித்து நொறுக்கித் தின்னும் சீப்புச்சீடை என்று சொல்லியிருந்தேன். டின் காலியாகாமல் மீனாட்சி சுட்டு வைத்த பண்டம் அதுதானே?

"அத்தான், நானும் யோசிச்சுப் பாத்தேன். அக்கா எங்க சீடையக் கடிச்சாக? உங்க தட்டுல போட்டுட்டு, டின்னுக்கு அடியில கெடக்குற தூளை அள்ளி வாயில போட்டுக்குவாக."

"பிடிக்காமலா அத்தனை சுட்டாள்?"

"நல்லாக் கேட்டீக போங்க. உங்களுக்குப் பிடிக்கும்னு சுட்டாக."

"சரி. அவளுக்கு என்னதான் பிடிக்கும்?"

"அதை என்னையக் கேக்குறீகளா? உங்களுக்குக் கட்டிக் குடுத்த பெறகு எனக்கென்ன தெரியும்? கீழச்சிவல்பட்டியில பொறந்த வீட்டுல இருக்கையில எலந்தப்பழம்னா உசுரு. பாவாடையில முடிஞ்சு வச்சுத் திம்பாக. கேட்டா எனக்குக் கொட்டையத்தான் குடுப்பாக."

எனக்கு எழுந்து நடக்க வேண்டும் போலிருந்தது. நடந்தேன். கூடத்தில் எவ்வளவு தூரம்தான் நடப்பது?

பல்லின் எனாமல் இளம் வயதிலேயே உருவாகி முடிந்துவிடும். அன்று குடித்த நீர், தின்ற உணவு – இவற்றின் தடயம் அதில் தங்கும். பிறகு யாரோடு வாழ்ந்தாலும் அது அங்கே ஏறாது. மேற்பரப்பின் நுண்கீறல்களோ கடைசிச் சில வாரங்களைத்தான் சொல்லும். தேய்மானத்தைக் கேட்டால், எதை மென்றது என்று சொல்லும்; எதை விரும்பியது என்று சொல்லாது. அதைக் கூட இருந்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

கூட இருந்தவன் கூடத்தில் நடந்துகொண்டிருந்தான்.

"இலந்தைப்பழமே வைப்போம்," என்றேன்.

"படையலுக்கா? வந்தவுக சிரிப்பாக அத்தான்."

"சிரிக்கட்டும்."

"அப்பச் சீடை?"

"வேண்டாம்."

அலமேலு மாவுப் பாத்திரத்தை மூடி ஒதுக்கி வைத்தாள். பிறகு, "நல்லாக் கனிஞ்சதாப் பாத்து வாங்குங்க. செங்காயா இருந்தா இந்தத் தடவையும் அக்கா எனக்குத்தான் தள்ளிவிடுவாக," என்றாள்.

இன்னும் செய்யாமல் நிற்பவை:

– காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் கூடைக்காரர்களிடம் இலந்தைப்பழம் தேட வேண்டும்.

– சீடைக்கு அரைத்து வைத்த மாவை அலமேலுவிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

– பல் உறையை என்ன செய்வது? முடிவாகவில்லை.

– பழத்தை இலையில் வலப்பக்கம் வைக்க வேண்டும். அவள் படத்தைப் பார்த்து நிற்கும் நம் வலம் அல்ல; அவள் வலம்.