இடப்பக்கத்து பிரேக்

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மடியில் ஒரு காரை வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் போவேன். கள்ளிக்குப்பத்திலிருந்து ஐயப்பன்தாங்கலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கார் செருப்புப் பெட்டிக்குள் இருக்கும். பெயிண்ட் வாடை போவதற்காகப் பெட்டியில் ஓட்டை போட்டிருப்பேன். அதைப் பார்த்து உள்ளே கோழிக்குஞ்சு இருக்கிறது என்று நினைத்த ஒரு கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். திறந்து காட்டினேன். "இந்த வயசுல பொம்மையா சார்?" என்றார். பொம்மை இல்லை, நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு, கதவை இழுத்தால் திறக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான். கேள்வி கேட்பார்கள், பதிலுக்கு நிற்க மாட்டார்கள்.

என் மனைவி ரேணுகா கேள்வியே கேட்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஷோகேஸைக் காட்டி, "முப்பது காரு கட்டின மனுஷன். இன்னிக்கும் என்னை பஸ்ஸுலதான் இட்டுக்கினு போறாரு" என்பாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர் வேலை எனக்கு. எந்த வண்டியின் அடிவயிற்றில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு எங்கள் தெருவில் நான்தான் உதாரணம்.

போகட்டும். சொல்ல வந்தது ஜமீலாம்மாவைப் பற்றி.

கார் கட்டுகிறவர்கள் நாங்கள் நாலு பேர். கூடுகிற இடம் ஐயப்பன்தாங்கலில் விஷாலின் ஃப்ளாட். விஷால் திருநெல்வேலிப் பையன், ஐ.டி. வேலை. உதிரிகளாக வரும் வெளிநாட்டுப் பெட்டிகளை வரவழைத்து, தூசு விழாத அறையில் உட்கார்ந்து செய்கிறவன். அவன் கார்களைப் பார்த்தால் தொடவே பயமாக இருக்கும். முஸ்தகீம் பூந்தமல்லியில் காருக்கு சீட் கவர் தைக்கிறவன். தைத்து மிஞ்சிய ரெக்சின் துண்டுகளில் எங்கள் நாலு பேருடைய கார்களுக்கும் சீட் போட்டுத் தருவான். நாலாவது ஆள் ஜமீலாம்மா. எங்களில் உண்மையான காரை ஓட்டிப் பிழைப்பு நடத்துகிறவர் அவர்தான். அப்பாவு டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி கொடுப்பவர்.

அவருடைய கணவர் ஹாஜா மொய்தீனுக்குப் பூந்தமல்லி கடைத்தெருவில் பை, சூட்கேஸ் விற்கிற கடை. அவருக்குக் கண் ஆபரேஷன் ஆன சமயத்தில் சரக்கு வேனை எடுக்க ஆளில்லாமல், "நான் ஓட்டறேன்" என்று கிளம்பியவர் ஜமீலாம்மா. கற்றுக்கொடுத்த அப்பாவு, இந்த அம்மாவின் நிதானத்தைப் பார்த்து, இங்கேயே வேலைக்கு வாம்மா என்று கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர். கல்யாணம் நிச்சயமான பெண்கள், காலேஜ் வாத்தியார், பேரன் வண்டியில் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்றதால் ரோஷத்தோடு வந்து சேர்ந்த ஒரு தாத்தா. எல்லோரிடமும் முதல் நாள் அவர் சொல்வது ஒன்றுதான்: "பயப்படாதே. பிரேக் என் கால்ல கீது."

டிரைவிங் ஸ்கூல் காரில் இடப்பக்கமும் ஒரு பிரேக் பெடல் இருக்கும். கற்றுக்கொடுப்பவருடைய கால் அதன்மேலேயே இருக்கும். ஓட்டுகிறவர் மறந்தாலும் அந்தக் கால் மறக்கக் கூடாது. வண்டியில் அதற்குத்தான் சம்பளம் என்பார் ஜமீலாம்மா.

ரிவர்ஸ் எடுப்பதை மேஜைமேல் சொல்லிக்கொடுக்க அவர் பொம்மைக் கார் வாங்கினார். அதில் முன்சக்கரம் திரும்பவில்லை. திரும்பாத சக்கரத்தை வைத்து என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று எரிச்சலில் அவரே ஒன்று செய்தார். அட்டை, ரீஃபில் குழாய், மாத்திரை அட்டையின் வெள்ளித் தகடு, நெயில் பாலிஷ். அப்படித்தான் இந்தப் பைத்தியம் அவருக்கும் பிடித்தது. எங்கள் கூட்டத்துக்கு வந்து ஒரு சட்டமும் போட்டார். நினைவை நம்பி எதையும் செய்யக் கூடாது. நிஜ வண்டியை அளந்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். நான் ஒருமுறை ஞாபகத்தில் இருந்ததை வைத்து ஒரு டேஷ்போர்டு செய்துகொண்டு போனேன். "அண்ணே, இது உங்க மனசுல இருக்கற வண்டி. ரோட்டுல இருக்கறது வேற" என்று சொல்லிப் பிய்த்துக் கையில் கொடுத்துவிட்டார். ஒட்டிய பசை காயக்கூட இல்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் அவர் பிய்த்தது நல்லதுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அது நடந்தது. வேலப்பன்சாவடி பக்கம் வர்ஷா என்ற பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். டெலிவரி பைக் ஒன்று குறுக்கே பாய, அவள் பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். ஜமீலாம்மா தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். ஆனால் ஒரு நொடி பிந்திவிட்டது. வண்டி ரோட்டோர டிபன் கடையின் பெஞ்சை இடித்து மடக்கிவிட்டு நின்றது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்த பெரியவர் அப்போதுதான் கை கழுவ எழுந்து போயிருந்தார்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கடைக்காரரே, "பெஞ்சு போனா போவுது, வேற வாங்கிக்கலாம்" என்றார். வர்ஷாவை ஜமீலாம்மாதான் அணைத்துக்கொண்டு சமாதானம் சொன்னார். மறுநாள் காலை வண்டியில் ஏறப் போனபோது அவருக்குக் கால் வரவில்லை. அந்தக் காலி பெஞ்சில் ஆள் இருந்திருந்தால் என்ற நினைப்பு அவரை விடவில்லை. அன்றிலிருந்து ஸ்கூல் ஆபீஸில் போன் எடுக்கும் வேலை. முன்பெல்லாம் விஷால் காரில் போனால் முன்சீட்டில் உட்கார்ந்து, அவன் வேகம் எடுக்கும்போதெல்லாம் கால்மிதியை மிதிப்பார். நாங்கள் சிரிப்போம். இப்போது பின்சீட்டில்தான் உட்காருகிறார். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

அப்பாவு கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் ஸ்கூல் நடக்க வேண்டும். "இந்த மாசத்துக்குள்ள முடிவு சொல்லும்மா. இல்லேன்னா வேற ஆள் பார்க்கணும், தப்பா நெனைக்காதே" என்று சொல்லியிருந்தார். வர்ஷா வேறு, அக்கா வந்தால்தான் வகுப்புக்கு வருவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று ஜமீலாம்மா கொண்டுவந்த பெட்டியைத் திறந்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஸ்கூல் காரையே செய்திருந்தார். வெள்ளை வண்டி, சிவப்பு எல் போர்டு, மேலே ஸ்கூல் பெயர்ப் பலகை. பக்கவாட்டில் வரிசையாக நசுங்கல்கள்.

"இது காலேஜ் வாத்தியாரு. இது ஸ்வாதின்னு ஒரு பொண்ணு, கேட்டுல உரசினா. இது தாத்தா" என்று விரலால் காட்டினார். முன்பம்பரில் இருந்த நசுங்கலை மட்டும் காட்டவில்லை.

"ஆனாலும் அக்கா, மாடல்னா ஷோரூம்ல நிக்கற மாதிரி இருக்கணும். இம்புட்டு நசுங்கல் வேணுமா?" என்றான் விஷால்.

"மச்சான், நம்மூர்ல நசுங்காத வண்டி ஷோரூம்ல மட்டும்தான் கீது" என்றான் முஸ்தகீம். "வெளில வந்த அன்னிக்கே ஆட்டோக்காரன் கையெழுத்து போட்டுடுவான்."

"கரெக்டா செய்யறதுக்கும் அழகா செய்யறதுக்கும் வித்தியாசம் இருக்குல்லா?"

"ரெண்டும் ஒண்ணுதான். உன் கார்ல சீட்டு தச்சது நானு. அதுல ஒருத்தன் உக்காந்த தடம் இல்ல. எனக்கு அதைப் பார்த்தா பாவமா கீது."

இப்படி ஒரு மணி நேரம் போனது. எங்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான், ஒரு நசுங்கலைப் பிடித்துக்கொண்டு இரண்டு டீ குடிப்போம். விஷாலுக்கு ஒரு பழக்கம். எந்தக் காரையும் கடைசியாக போன் டார்ச்சை அடித்து உள்ளே பார்ப்பான். அன்றும் பார்த்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

"அக்கா, எல்லாம் இருக்கு. லெஃப்ட் சைடு பிரேக்கைக் காணோமே?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது. முஸ்தகீம் அவன் தொடையில் கிள்ளினான். ஜமீலாம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அளவு எடுக்கலப்பா" என்றார். "மத்ததெல்லாம் கம்பெனி அளவு, கெடச்சுது. அந்தப் பெடலு பட்டறையில வெச்சு அடிச்சது. வண்டி கிட்ட போனாதான் அளக்க முடியும். நான் போகல."

எனக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன சொன்னாலும் அபத்தமாக இருக்கும் என்றும் தெரிந்தது. முஸ்தகீம்தான் எழுந்தான்.

"அளக்காம ஒட்டக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீதான் அக்கா. இந்த அண்ணாத்தே டேஷ்போர்டைப் பிச்சுக் கையில குடுத்தியே. உனக்கு மட்டும் சட்டம் இல்லியா? வா, வண்டி நிக்கற நூம்பல் இன்னா அமெரிக்காவுலயா கீது? அளந்துகினு வந்துடலாம்."

ஜமீலாம்மா அவனை முறைத்தார். பிறகு பையிலிருந்து அளவெடுக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

ஸ்கூல் கார் நூம்பலில் ஒரு காலி மனையில் நிற்கும். எட்டு போட்டுப் பழகுகிற இடமும் அதுதான். காவலுக்கு இருந்த வேம்புலி சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "வாம்மா, வண்டியே உன்னைத் தேடிக்கினு கீது" என்றார்.

ஜமீலாம்மா காருக்கு மூன்றடி தள்ளியே நின்றார். "அண்ணே, நீங்க அளங்க" என்று வெர்னியரை என்னிடம் நீட்டினார். நான் இடப்பக்கக் கதவைத் திறந்து, மண்டையை உள்ளே விட்டேன். மண்டை போனது, வயிறு போகவில்லை. தம் கட்டிப் பார்த்தேன், என் மூக்குக்கண்ணாடிதான் கழன்று விழுந்தது. இரண்டு தரம் பார்த்துவிட்டு, "நகருங்க, நகருங்க" என்று அவரே உள்ளே ஏறி உட்கார்ந்தார். நான் சுற்றிப் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டார்ச் அடித்தேன்.

பெடலில் ஒட்டியிருந்த ரப்பர் வலது ஓரத்தில் மட்டும் வரிவரியாக இருந்தது. மீதியெல்லாம் தேய்ந்து, ஒரு மூலையில் இரும்பு பளபளத்தது. ஜமீலாம்மா அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜன்னல் வழியாக முஸ்தகீம் எட்டிப் பார்த்தான். "இன்னா அக்கா, ரப்பரையே தின்னு வெச்சிருக்க?"

"போரூர் சிக்னல்ல ஒரு பொண்ணு கண்ணை மூடிக்கினா" என்றார் ஜமீலாம்மா, அவனிடம் சொல்வது போலவும் இல்லாமல். "எதிர்ல ஸ்கூல் பசங்க போய்க்கினு இருந்தாங்க. அப்ப மிதிச்சேன். தாத்தா ஒருவாட்டி நேரா கால்வாய்க்கே வுட்டாரு. அப்பவும் மிதிச்சேன். இதெல்லாம் எனக்கு ஞாபகத்துக்கே வரல, பாருங்களேன். அந்த ஒண்ணுதான் வருது."

சரியான நேரத்தில் மிதித்ததை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? டார்ச்சைப் பெடலுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

அவர் வெர்னியரை வைத்து அகலம் பார்த்தார், உயரம் பார்த்தார். பெடலை மிதித்தால் எவ்வளவு இறங்கும் என்பதும் வேண்டும் என்றார். செய்தால் சரியாகச் செய்ய வேண்டும் அல்லவா? ஆனால் எஞ்சின் ஓடாமல் மிதித்தால் பிரேக் கல் மாதிரி நிற்கும். "அண்ணே, சாவியைத் திருப்புங்க" என்றார், வெர்னியரிலிருந்து கண் எடுக்காமல். இந்த நேரத்தில் விஷால் காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பம்பரின் நசுங்கலை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் சாவியைத் திருப்பினேன்.

நிறுத்தி வைத்த வண்டியை கியரில் போட்டு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. முப்பது காருக்கு கியர் கம்பி செய்தவனுக்குத் தெரியாது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி முன்னே பாய்ந்தது. நான் பதறி, காலுக்கு அகப்பட்டதை ஓங்கி மிதித்தேன். அது ஆக்ஸிலேட்டர். எஞ்சின் அலறியது. முன்கண்ணாடியில் தெரிந்த விஷாலின் தலை கீழே மறைந்தது.

வண்டி ஒரு உதறு உதறி நின்றுவிட்டது.

என் கால் இன்னும் ஆக்ஸிலேட்டரில்தான் இருந்தது. நிறுத்தியது நானில்லை. பக்கத்தில் பார்த்தேன். ஜமீலாம்மாவின் வலது கால் இடப்பக்கத்து பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. வெர்னியர் அவர் கையிலேயே இருந்தது. அவரும் தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது யாருடைய கால் என்பதுபோல.

விஷால் மெல்ல எழுந்து நின்றான். பம்பருக்கும் அவன் முழங்காலுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. "ஒண்ணும் இல்லக்கா. படம்தான் ஆடிப்போச்சு" என்றான். குரல் மட்டும் அவனுடையதாக இல்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"கியர்ல கீதான்னு பார்க்காம சாவியைத் திருப்புவாங்களா அண்ணே?" என்று என்மேல் பாய்ந்தார் ஜமீலாம்மா. அந்த அதட்டலைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

"எனக்குத் தெரியாதும்மா. நான் இதுவரைக்கும் ஸ்டியரிங்கே பிடிச்சதில்ல."

அவர் என்னைப் பார்த்தார். அந்தத் தேய்ந்த பெடலைப் பார்த்தார். காலை அதிலிருந்து எடுக்கவே இல்லை. வெர்னியரை டேஷ்போர்டின் மேல் வைத்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "விஷால், முஸ்தகீம், ரெண்டு பேரும் சுவரோரமா போய் நில்லுங்க" என்றார். அவர்கள் ஓடாத குறையாகப் போனார்கள். வேம்புலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனார்.

"இடது காலால கிளட்சை முழுசா மிதிங்க" என்றார். "கியரை நடுவுல கொண்டாங்க. அப்புறமா சாவி."

"எனக்கா? இப்பவா? வேணாம்மா, கை நடுங்குது பாருங்க."

"நடுங்கட்டும். எனக்கும்தான் நடுங்குது" என்றார். "பயப்படாதீங்க அண்ணே. பிரேக் என் கால்ல கீது."

நான் கிளட்சை மிதித்தேன். இடப்பக்கத்து பிரேக்கை அன்று யாரும் அளந்து முடிக்கவில்லை.