பெரிதாக்கிய பாட்டு

அப்பாவின் பாட்டைக் கெடுத்தது நான்தான். இடமில்லை, இடமில்லை என்று என் போன் தினமும் நச்சரித்தது. எனக்கோ எதையும் சுருக்கிவிட்டால் தீர்ந்தது என்கிற வேலைப் புத்தி. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நாள் முழுக்க ஏற்றுமதிக் காகிதங்களை ஸ்கேன் செய்து, சுருக்கி அனுப்புகிறவள் நான். எவ்வளவு சுருக்கினாலும் எழுத்தைப் படிக்க முடிகிறதே, பாட்டும் அப்படித்தானே என்று நினைத்தேன். இருப்பதிலேயே சின்ன எம்பி3 ஆக்கினேன். ஒரிஜினலை அழித்தேன். போட்டுக்கூடக் கேட்கவில்லை.

அது மணப்பாடு ஊர்க் கோயிலில் தவக்காலத்தில் அப்பா பாடியது. அந்த வருஷமே தொண்டையில் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் பேசுவதெல்லாம் போனில் தட்டித்தான். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

போன வாரம் அவருடைய பாடகர் குழுவிலிருந்து ஓர் அண்ணாச்சி மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "திருவிழாவுக்கு அண்ணன் பாட்டை மைக்செட்டுல போடணும்மா, எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கழுத்துத் துளையை மறைக்கும் துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்றைக்குத்தான் அந்த ஃபைலைக் கேட்டேன். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பாடுகிற மாதிரி இருந்தது.  வேவ் ஃபைலாக மாற்றினால் தரம் கூடும் என்று இணையத்தில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். ஃபைல் ஊதிப் பெருத்தது, பாட்டு அதே தகர டப்பாதான். ஒரு டம்ளர் மோரை அண்டாவில் ஊற்றினால் மோர் கூடிவிடுமா? அது புரிந்த பிறகும், வெட்கமில்லாமல் அந்தப் பெரிய ஃபைலையே ஸ்பீக்கரில் போட்டேன்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடியும் முன்பே போனை எடுத்துத் தட்டிக் காட்டினார்: "ஏளா, நான் இப்படியா பாடுனேன்?"

நான் ஸ்பீக்கரை நிறுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததைத் தட்டினார். "அப்போ என்னவிட்டுப் போனது ஒண்ணும் பெரிய குரல் இல்ல. திருவிழாவுல போட வேண்டாம்னு சொல்லிரு."

அழுதுவிட்டேன். "இல்லப்பா, நீங்க நல்லாத்தான் பாடுனீங்க. நாந்தான் சுருக்கிக் கெடுத்துட்டேன். நல்லது இருந்துச்சு, அதையும் அழிச்சிட்டேன்" என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். ஒரு கையால் என் தலையைத் தடவியபடி, மறு கையால் மெதுவாகத் தட்டிக் காட்டினார்.

"அப்பா மனசுக்காகப் பொய் சொல்லாத, ஏளா."