அறுபதுக்குக் கீழே

என் மனைவிக்கு மாத்திரை கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுபதுகளின் கடைசி அது. கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அவள் எழுமலைக்காரி, என் அத்தை மகள். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்து போயிருக்கிறது. அது போகும்போது இருதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. இரண்டு குடம் தண்ணீர் தூக்கி அவளுக்கு மூச்சு வாங்கிய பிறகுதான் அது எங்களுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது வார்டு நர்ஸ் என்னைக் கூப்பிட்டு மூன்று பொட்டலங்களை மேசைமேல் வைத்தார். ஒன்று, உடம்பில் தேங்கும் நீரை இறக்கும் மாத்திரை. இன்னொன்று, இருதயத்துக்குள் ரத்தம் கட்டியாகாமல் இருக்க. மூன்றாவது, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளையாக இருந்தது. பெயர் டிஜாக்சின்.

“இந்தச் சின்னதுதாண்ணே கவனம். இருதயத்த நிதானமா அடிக்க வைக்கும். கூடிப்போச்சுன்னா ரொம்ப நிதானமாக்கிரும். தினமும் கொடுக்குறதுக்கு முன்னாடி நாடியப் பிடிச்சு ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். அறுபதுக்குக் கீழ இருந்தா கொடுக்காதீங்க. நேரா இங்க கூட்டியாந்துருங்க. சனி, ஞாயிறு இந்த மாத்திரை வேணாம்.”

“கொடுக்காம விட்டா என்னாகும் சிஸ்டர்?”

“பழையபடி மூச்சு முட்டும்.”

கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். நர்ஸ் தன் மூன்று விரலை என் மனைவியின் மணிக்கட்டில் வைத்துக் காட்டினார். என்னையும் வைக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று தலையாட்டிவிட்டேன். எங்களுக்குப் பின்னால் இரண்டு பேர் காத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிம்மக்கல்லில் ஒரு வத்தல் மொத்தக் கடையில் மூட்டை தைக்கும் வேலை. கோணி ஊசியும் சணலும் பத்து வருஷமாகப் பழகி, விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. சூடான டம்ளரைத் தொட்டால்கூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் சுடும். வீட்டில் முதல் நாள் காலையில் மூன்று விரலையும் அவள் கையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். சுவரைத் தொட்டது போல இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“எண்ணிட்டீகளா மச்சான்? இல்ல, கையப் பிடிச்சுக் கல்யாணம் பண்ணுறீகளா?”

கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அது ஒன்றுதான் அவ்வளவாகக் காய்க்காத விரல். டக் டக்கென்று நன்றாகத் தெரிந்தது. கல்யாணத்துக்குப் போட்ட கைக்கடிகாரத்தில் நொடி முள்ளைப் பார்த்தபடி எண்ணினேன். தொண்ணூற்றிரண்டு. அறுபதுக்கு மேலே. மாத்திரையைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அப்படியே. எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றாறு. விரலை வைக்கும்போதே என் நெஞ்சு படபடக்கும். எண்ணி முடிக்கும்வரை மூச்சு விடமாட்டேன். ஆஸ்பத்திரியில் அவளுடைய துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது, இரண்டு சேர்ந்து அடிக்கிறது, ஒன்று விட்டுப் போகிறது என்று சொல்லியிருந்தார்கள். என் கட்டைவிரலுக்குத் தையல் மெஷின் மாதிரி சீராகத் தெரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ரத்தம் கட்டாமல் இருக்கும் மாத்திரை வேறு பயம். ஒரு கீறல் விழுந்தால் ரத்தம் நிற்காது என்று கடைக்குப் போகுமுன் நானே காய் நறுக்கி வைத்துவிட்டு, அரிவாள்மனையைப் பரண்மேல் போட்டுவிட்டுப் போவேன். பஸ்ஸில் ஏறிய பிறகு, எந்த மாத்திரையைக் கொடுத்தேன், ஒன்றா இரண்டா என்று சந்தேகம் வரும். இறங்கித் திரும்ப வந்து பொட்டலத்தை எண்ணிய நாட்கள் உண்டு.

மூன்றாவது வாரம் அவள் சாப்பாட்டைத் தள்ளினாள். அப்புறம் வாந்தி. எதிர்வீட்டு மதினிதான் முதலில் கேட்டது.

“என்னடி, முழுகாம இருக்கியா?”

அவள் இல்லையென்றாள். இப்போதைக்குப் பிள்ளை கூடாது, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்துச் சோற்றுத் தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

“சோத்துல மஞ்சத்தூளு போட்டீகளா? சுவருகூட மஞ்சளாத் தெரியுது.”

“காமாலடி இது. வேற ஒண்ணும் இல்ல,” என்றார் மதினி. அன்றைக்கே கீழாநெல்லி பறித்து வந்து அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். உப்பில்லாப் பத்தியம். எங்கள் பக்கத்தில் இதற்கு யாரும் டாக்டரிடம் போவதில்லை. மூன்று நாள் கீழாநெல்லி குடித்தால் போதும்.

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. மாத்திரையாக இருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் தினமும் எண்ணுகிறேனே. தொண்ணூறு இருக்கிறதே. அறுபது எங்கே, தொண்ணூறு எங்கே. மாத்திரைமேல் குற்றமில்லை என்று நானே தீர்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையிலும் எண்ணினேன். தொண்ணூற்று நாலு. கொடுத்தேன்.

ஒன்பது மணிக்குக் குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு ஓடினோம். அதே நர்ஸ்தான் டூட்டியில் இருந்தார். மூன்று விரலை வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். முழு நிமிஷம்.

“நாப்பத்தி நாலு.”

“காலையில தொண்ணூத்தி நாலு இருந்துச்சு சிஸ்டர். நான்தான் எண்ணுனேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “எப்படி எண்ணுனீங்க? புடிச்சுக் காட்டுங்க.”

கட்டைவிரலை அவள் கையில் வைத்தேன். அவர் என் கையை எடுத்து, கட்டிலின் இரும்புக் கம்பியில் அந்தக் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

“இப்ப எண்ணுங்கண்ணே.”

கம்பி துடித்தது. டக் டக்கென்று, சீராக, வேகமாக.

“கட்டவிரல்ல ஒங்க நாடிதான் அடிக்கும். அதனாலதான் அத வைக்கக் கூடாது. இத்தன நாளா நீங்க ஒங்களத்தான் எண்ணியிருக்கீங்க.”

நான் பயந்த பயம் தொண்ணூறாகி, அந்தத் தொண்ணூறைப் பார்த்து அவளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறேன். எவ்வளவு பயந்தேனோ அவ்வளவு தைரியமாகக் கொடுத்திருக்கிறேன். கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிந்ததும், வாந்தியும் அந்த மாத்திரை கூடிப்போனதன் அடையாளம் என்றார் டாக்டர். நீர் மாத்திரையால் உடம்பில் பொட்டாசியச் சத்தும் குறைந்து மருந்தின் விஷத்தை ஏற்றிவிட்டது என்றார். டிஜாக்சினை நிறுத்தினார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். பொட்டாசியத்துக்காக, வாயில் வைக்கச் சகிக்காத ஒரு திரவ மருந்தைக் குடிக்க வைத்தார்கள்.

இரண்டு நாள் நாற்பத்தெட்டிலும் ஐம்பதிலும் நின்றது. நான் வார்டு வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரலை மடக்கியே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சுவர் வெள்ளையாகத் தெரிகிறது என்றாள். அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். மறைக்கவும் பயம், சொல்லவும் பயம். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“அப்ப அம்புட்டு நாளும் ஒங்களுக்குண்டான மாத்திரையத்தான் நான் தின்னுருக்கேன்.”

சிரிக்கிறாளா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டு நாள் கழித்து அனுப்பும்போது டிஜாக்சினை மறுபடி கொடுத்தார்கள், பாதியாக உடைத்து. வேண்டாம் என்று கெஞ்சினேன். அது இல்லாமல் அவளுக்கு மூச்சுத் திணறல் அடங்காது என்றார்கள். வேறு யாராவது எண்ணட்டும் என்றேன். வேறு யாரும் இல்லை. நர்ஸ் என் விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார்.

“இந்த வெரலுக்கு நாடி அகப்படாது. நெஞ்சுல காத வச்சு எண்ணுங்க. அவங்க மாதிரி துடிப்பு ஒழுங்கில்லாதவங்களுக்கு அதான் சரியான கணக்கும்.”

வீட்டில் முதல் காலை. ஏழு குடித்தனம் இருக்கும் வளவு அது, பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. நான் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியே மதினியின் குரல் கேட்டது.

“காலங்காத்தால என்னப்பா கதவச் சாத்திட்டீக? ஒடம்பு சரியானது நேத்துத்தான.”

யாரோ சிரித்தார்கள். அவள் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். “ஆட வேணாம், எண்ணிக்கை தப்பிரும்,” என்றேன். இடது மார்புக்குக் கீழே காதை வைத்தேன். கடிகாரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

சீராக இல்லை. இரண்டு சேர்ந்து வந்தது, ஒன்று தனியாக வந்தது. நாற்பத்தொன்று எண்ணிய பிறகு ஒன்றும் வரவில்லை. நொடி முள் நகர்ந்தது. அந்த இடைவெளியில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுதவேண்டாம். பிறகு நாற்பத்திரண்டு வந்தது.

எழுபது. எழுந்து மறுபடி குனிந்து இன்னொரு நிமிஷம் எண்ணினேன். அறுபத்தெட்டு. பாதி மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை.