ரசியா காத்த கோட்டை

கோவில்பட்டி எட்டயபுரம் சாலையில் குழாயும் மோட்டார் சாமானும் விற்கும் கடை வைத்திருக்கிறார் ரசியா. கல்லாவில் அவர், வெளிவேலைக்குக் கணவர் கமால். கடையில் கூட்டம் குறைந்ததும் ரசியாவின் பேச்சு போர்களுக்குப் போய்விடும். எந்தக் கோட்டையை எவன் வளைத்தான், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்ன தின்றார்கள், கடைசியில் கதவைத் திறந்துவிட்டது யார் என்று அவர் சொல்லத் தொடங்கினால், வாஷர் வாங்க வந்தவர் வாங்கிய வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார்.

இந்தப் பித்து முதலில் கமாலுக்குத்தான் இருந்தது. போர் வரலாறு பேசுவதற்கென்றே எங்கள் ஊரில் ஒரு கூட்டம் உண்டு. தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்தும் பூவனலிங்கம் அண்ணாச்சியின் அலுவலக மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடுவோம். நான் ஜெராக்ஸ் கடைக்காரன். போர்க்கள வரைபடங்களைப் பெரிதாக்கிக் கொண்டுபோவது என் பங்கு. ஒருநாள் கமால், கல்யாண வரவேற்புக்குப் போகிற வழியில், “கொஞ்ச நேரம் தலையைக் காட்டிட்டுப் போயிருவோம்” என்று மனைவியையும் மாடிக்கு அழைத்துவந்துவிட்டார்.

அன்று அலெக்சாந்தர் பெரியவரா, நெப்போலியன் பெரியவரா என்று சண்டை. பட்டுச்சேலை கசங்காமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ரசியா, திடீரென்று வாயைத் திறந்தார்.

“அண்ணாச்சி, நானும் வந்ததுலேர்ந்து பாக்கேன். கோட்டையைப் பிடிச்சவனைப் பத்தியே பேசுதீங்க. உள்ள நின்னு தாங்குனவனைப் பத்தி ஒருத்தரும் பேசக் காணோமே. அவன் ஒண்ணும் யோசிக்காமலா நின்னான்?”

பதில் சொன்னவர் ஆறுமுகசாமி. ராணுவத்தில் பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். “தாங்குனவன்லாம் கடைசில விழுந்துட்டாம்மா. பீரங்கிக்கு முன்னால சுவர் எம்புட்டு நேரத்துக்கு?”

“எல்லாருமா விழுந்தாங்க? லெனின்கிராடு விழுந்துச்சா? மால்டா தீவு விழுந்துச்சா?”

மாடியில் ஒரேயடியாக இரைச்சல் கிளம்பியது. ரசியா கல்யாணமான நாளிலிருந்தே கமாலின் புத்தகங்களோடு நூலகத்துப் புத்தகங்களையும் தின்று தீர்த்தவர் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கட்டிக்கொண்டவருக்கே பாதிதான் தெரியும். அவர்கள் வரவேற்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணமக்கள் மேடையை விட்டு இறங்கிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்களாம். அடுத்த வாரத்திலிருந்து ரசியா தவறாமல் வந்தார். கமாலும் வந்தார். ஆனால், அவர் நல்ல கதை கேட்டால் தூங்கிவிடுகிற ஜாதி.

பேச்சு மட்டும் போதாமல் நாங்கள் ஒரு விளையாட்டும் ஆடுவோம். மேசையில் மண்ணால் ஒரு கோட்டை. தீக்குச்சிகள்தான் சிப்பாய்கள். ஒருவர் உள்ளே இருந்து காக்க வேண்டும், ஒருவர் வெளியே இருந்து பிடிக்க வேண்டும். மொத்தம் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பேரும் தாங்கள் செய்யப்போவதைச் சொல்லி, அதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். எதிராளி மறுத்து வாதாடலாம். யார் வாதத்தை நடுவர் ஏற்கிறாரோ அவருக்குப் பகடையில் கூடுதல் புள்ளி. பத்தாவது சுற்று முடிவதற்குள் கோட்டைக்குள் கொடி நட்டால் வெளியே இருப்பவருக்கு வெற்றி. நடாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு.

கோட்டையைக் காக்க யாரும் முன்வர மாட்டார்கள், ரசியாவைத் தவிர. வெளியே எப்போதும் ஆறுமுகசாமி. ரசியா தோற்றார், மறுபடி தோற்றார், வருஷக்கணக்கில் தோற்றார். ஒருமுறை தண்ணீர் தீர்ந்தது, ஒருமுறை மேற்குச் சுவர் சரிந்தது, ஒருமுறை ஆளையெல்லாம் சுவர்மேல் நிறுத்திவைத்து மொத்தமாகப் பீரங்கிக்குக் கொடுத்தார். தோற்ற ஞாயிறு சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தமே வேறு மாதிரி இருக்கும் என்று கமால் சொல்லுவார்.

சென்ற ஆண்டு தூத்துக்குடியில் தென்மாவட்டக் குழுக்களுக்கெல்லாம் ஒரு போட்டி வைத்தார்கள். இறுதி ஆட்டம் வரைக்கும் எங்களை ஆறுமுகசாமியே கொண்டுபோய்ச் சேர்த்தார். அவருக்கு விழுந்ததெல்லாம் கோட்டை பிடிக்கும் பக்கம். இறுதியில் எதிரே மதுரை அணி. சீட்டுக் குலுக்கியபோது எங்களுக்குக் காக்கும் பக்கம் விழுந்தது. ஆட வேண்டிய களம் பாஞ்சாலங்குறிச்சி, ஆண்டு 1801. எங்கள் பக்கத்துக் கோட்டை. வரலாற்றில் விழுந்துபோன கோட்டை.

பூவனலிங்கம் அண்ணாச்சிக்கு முகம் தொங்கிவிட்டது. “ஆறுமுகசாமி, நீரே உள்ள உக்காரும்.”

“எனக்கு அடிக்கத்தான் தெரியும் அண்ணாச்சி. ஒரு கோட்டை எப்படியெல்லாம் விழும்னு இந்த அம்மாவுக்குத்தான் தெரியும். என்கிட்ட அத்தனை தடவை விழுந்திருக்கு. அவிய உக்காரட்டும்.”

ரசியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்குப் போனார்.

மதுரை அணித் தலைவர் பரமசிவன், கர்னலாக இருந்து ஓய்வுபெற்றவர். உயரமான மனிதர், மிகவும் மரியாதையாகப் பேசக்கூடியவர். நடுவர் சுந்தரேஸ்வரி, கல்லூரியில் வரலாறு சொல்லித்தருபவர். மண்டபம் நிறைந்திருந்தது.

முதல் சுற்றிலேயே ரசியா சுவர்மேல் மிகக் கொஞ்சம் ஆட்களை நிறுத்தினார். மற்ற ஈட்டிக்காரர்கள் எல்லோரையும் கோட்டை நடுவில் உட்காரவைத்தார். பரமசிவன் பீரங்கிகளை வடமேற்கு மூலைக்கு நேரே கொண்டுவந்து அடிக்கத் தொடங்கினார். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. சுவர் தேய்ந்துகொண்டே வந்தது. ரசியா ஆட்களை நகர்த்தவில்லை.

“சுவருக்கு ஆளை அனுப்பும்மா!” பூவனலிங்கம் அண்ணாச்சி பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். “இடியுது பாரு!”

“இடியட்டும் அண்ணாச்சி. உக்காருங்க.”

நான்காம் சுற்றில் ரசியா தன் திட்டத்தைச் சொன்னார். “இடியுத மூலைக்கு உள்பக்கமா, பிறை மாதிரி வளைச்சு இன்னொரு மண்சுவர் எழுப்புதேன்.”

பரமசிவன் சிரிக்காமலே மறுத்தார். “அம்மா, மேலே குண்டு விழுந்துக்கிட்டே இருக்கு. அந்த நிலைமையில் புதுச்சுவர் எழுப்ப முடியும்னு எப்படிச் சொல்றீங்க? ஆட்களுக்கு மன உறுதி இருக்குமா?”

“சார், இதே கோட்டையை 1799ல கும்பெனிக்காரன் பிடிச்சு, இடிச்சுத் தரைமட்டமாக்கிட்டுப் போனான். ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலேர்ந்து தப்பி வந்து, சில நாளிலேயே மறுபடி எழுப்பிட்டாரு. அதைப் பாத்து அசந்துபோனோம்னு கும்பெனி ஆளுகளே எழுதி வச்சிருக்காங்க. தளபதி ஒருத்தரு. மண்ணு சுமந்தது ஆயிரக்கணக்கான ஜனம். ஒரு கோட்டையவே கட்டுன கைக்கு ஒரு மூலை பெரிசா?”

“கட்டலாம். ஆனால், ஈரம் காயாத சுவர் என் பீரங்கிக்கு எத்தனை நேரம் தாங்கும்?”

அது சரியான கேள்வி. ரசியா பதில் சொல்வதற்கு முன் நடுவர் எங்கள் பக்கம் திரும்பினார். “உங்கள் அணியில் பீரங்கிப் படையில் இருந்தவர் ஒருவர் இருக்கிறாராமே. அவர் சொல்லட்டும்.”

ஆறுமுகசாமி எழுந்தார். மாடியில் வருஷக்கணக்காக, பீரங்கிக்கு முன்னால் சுவர் ஒன்றுமில்லை என்று ரசியாவிடம் அடித்துப் பேசியவர். தொண்டையைச் செருமினார்.

“கல்லுச் சுவர்னா குண்டு பட்டதும் சிதறும். செங்கல்லும் அப்படித்தான். பழைய காலத்து இரும்புக்குண்டு ஈரமண்ணுல அடிச்சா உள்ள போய்ப் புதையும். சுவர் சிதறாது. நான் சொல்லுதது நெசம்.” உட்காரப்போனவர் நிமிர்ந்து, “இத நான் அந்த அம்மாகிட்ட ஒருநாளும் ஒத்துக்கிட்டதில்ல” என்றார்.

மண்டபம் சிரித்தது. பரமசிவனும் சிரித்துவிட்டார். கூடுதல் புள்ளி ரசியாவுக்கு.

ஆறாம் சுற்றில் வெளிச்சுவரின் மூலை விழுந்தது. மதுரைக்காரர்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பரமசிவன் தன் சிறந்த படைப்பிரிவை இடிபாட்டின் வழியாக உள்ளே அனுப்பினார். அங்கே அவர்களுக்கு முன்னால் பிறைச்சுவர் நின்றது. இத்தனை சுற்றும் அசையாமல் உட்கார்ந்திருந்த ரசியாவின் ஈட்டிக்காரர்கள் அப்போதுதான் எழுந்தார்கள். முன்னால் சுவர், இரண்டு பக்கமும் ஈட்டி. பகடை உருண்டது. உள்ளே வந்த படையில் திரும்பிப் போனவர்கள் சொற்பம்.

ஏழாம் சுற்றில் பரமசிவன் மிச்சமிருந்த ஆட்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வரைபடத்தையே பார்த்தார். எட்டாம் சுற்றில் பீரங்கிகளைப் பிறைச்சுவருக்கு நேராக இன்னும் கிட்டத்தில் நகர்த்தினார். அவற்றுக்குக் காவலாகக் கொஞ்சம் ஆட்களே மிச்சம் இருந்தார்கள்.

“ஒன்பதாம் சுற்று. கோட்டை என்ன செய்கிறது?” என்றார் நடுவர்.

“கதவைத் திறக்குதேன்.”

எங்கள் வரிசையிலேயே பாதிப்பேர் தலையில் கைவைத்தோம். பரமசிவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னும் ரெண்டு சுற்று பொறுத்தாலே ஜெயிக்க வாய்ப்பு இருக்கு. ஏன் வெளியே வர்றீங்க?”

“பிறைச்சுவர் இன்னொரு சுற்று தாங்காது சார். உங்களுக்கும் தெரியும். பீரங்கி கிட்டக்க வந்துட்டு. கிட்டக்க வந்தா எனக்கும் கிட்டம்தானே? தெக்கு வாசல் வழியா ஈட்டிக்காரங்க மொத்தமும் வாராங்க. பீரங்கியைத் திருப்ப உங்களுக்கு நேரம் இல்ல.”

பரமசிவன் தெற்கு வாசலை ஒருமுறை பார்த்தார். “மறுப்பு இல்லை,” என்றார். பிறகு, “நானும் அதைத்தான் செய்வேன்,” என்று சேர்த்துக்கொண்டார்.

பகடை ரசியாவின் கையிலிருந்து விழுந்து, மேசை விளிம்பு வரை உருண்டு நின்றது. ஆறு. பீரங்கிகள் ஒவ்வொன்றாக மேசையிலிருந்து எடுக்கப்பட்டன. பத்தாம் சுற்றில் மதுரைப் படையிடம் சுவரை இடிக்க ஒன்றும் இல்லை. நடுவர் எழுந்து நின்று, “பாஞ்சாலங்குறிச்சி நிற்கிறது,” என்றார்.

அதன்பின் ஒரே சத்தம். பூவனலிங்கம் அண்ணாச்சி ஊரில் தனக்கு இருக்கிற மரியாதையையெல்லாம் மறந்து நாற்காலிமேல் ஏறிவிட்டார். “மாஷா அல்லாஹ்!” என்று கத்தியது கமால், முழு ஆட்டமும் அவர் கண்கொட்டாமல் விழித்திருந்தார். பரமசிவன் மேசையைச் சுற்றி வந்து ரசியாவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். ரசியா என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். ஆறுமுகசாமி பக்கத்தில் போய், “எம்மா, அந்தப் பிறைச்சுவர் ரோசனை எப்ப வந்துச்சு?” என்று கேட்டார்.

“நீங்க மேக்குச் சுவரை இடிச்சீங்கள்லா, அந்த வாரம். ராத்திரி தோசைக்கு ஊத்தும்போது.”

சாயங்கால ரயிலில் ஊர் திரும்பினோம். கடம்பூர் நிலையத்தில் பூவனலிங்கம் அண்ணாச்சி போளி விற்பவரின் கூடையில் இருந்ததை அப்படியே வாங்கிவிட்டார். எதிரிருக்கையில் வந்த ஒரு பெரியவர், “என்ன விசேஷம்?” என்று கேட்டுவைத்தார். வேறென்ன வேண்டும்? ரசியா ஒரு போளியை மடித்துச் சுவராக்கினார், இன்னொன்றைக் கடித்துப் பிறையாக்கினார். “இங்கன பீரங்கி நிக்குன்னு வச்சுக்கிடுங்க.” பெரியவர் விடவில்லை, நெப்போலியன் இருந்திருந்தால் அந்தக் கோட்டையைச் சுற்றிக்கொண்டு போயிருப்பான் என்றார். ஆறுமுகசாமி பாய்ந்து மறுத்தார். பக்கத்துப் பெட்டியிலிருந்தும் ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள். சன்னலுக்கு வெளியே கரிசல் காடு சிவந்த வெயிலில் ஓடிக்கொண்டிருந்தது.

ரயில் கோவில்பட்டியில் நின்று, கிளம்பியும்விட்டது. “ஏ, நம்ம ஊரு!” என்று கமால் அலறிய பிறகுதான் எல்லோரும் பைகளை வாரிக்கொண்டு குதித்தோம். கடைசியாக இறங்கியவர் ரசியா. கையில் சுவர் மிச்சமிருந்தது. பிளாட்பாரத்தில் நின்று அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.